பஞ்சு ஏற்றிய தோஸ்த்

பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் தொழிலில் நமக்கு வண்டி தேவைப்படும் நாளில்தான் ஊருக்கே வண்டி தேவைப்படும். முகூர்த்த நாளன்று வண்டிக்காரர் கேட்டதுதான் வாடகை. சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தபோதே புதிது வேண்டாம் என்பதும் முடிவாகிவிட்டது. எங்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. மாதத் தவணைக்கு ஆடி, மார்கழி எல்லாம் தெரியாது.

முதலில் சின்ன யானை என்கிற டாடா ஏஸைத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கல்யாணத்துக்கான நாற்காலி, மேஜை, அண்டா, பைப் எல்லாம் ஒரே நடையில் அதில் போகாது. பொலிரோ பிக்கப் பலமான வண்டி, பழையதுக்கும் விலை இறங்குவதில்லை. கடைசியில் மனசு தோஸ்தில் நின்றது. அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து 2011-ல் ஓசூரிலிருந்து இறக்கிய வண்டி. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், ஒன்றேகால் டன் லோடு. லோடோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள் வருவதால் சரக்கு வண்டி பெர்மிட் எடுக்கும் வேலையும் இல்லை.

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் பார்த்த வண்டிகள் எல்லாமே பளபளவென்று இருந்தன. புது பெயின்ட், புது சீட் கவர், டேஷ்போர்டில் பிள்ளையார். மீட்டரைப் பார்த்தால் போன வருஷம்தான் ஷோரூமை விட்டு வந்தது போலத் தெரியும். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது என்ன லோடு அடிச்ச வண்டி?" மீன் வண்டி என்றால் உப்புத் தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் அரித்திருக்கும். எம்-சாண்ட், செங்கல் என்றால் ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன்னுக்குக் குறையாமல் ஏற்றியிருப்பார்கள், சேஸிஸும் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையும் அதைச் சொல்லிவிடும். இந்தக் கேள்விக்கு "எல்லா லோடும்தான்" என்று பதில் வந்தால் அவர் அடுத்த வண்டிக்கு நடந்துவிடுவார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எதைச் சுமந்து ஓடியது என்பதே பெரிது என்று இப்போது நானும் நம்புகிறேன்.

எங்களுக்கு அமைந்த வண்டி கோபி பக்கம் ஒரு மெத்தைக் கடைக்காரருடையது. 2018 மாடல், சிங்கிள் ஓனர். "பஞ்சும் மெத்தையும் தவிர வேற எதுவும் ஏத்துனதில்லீங்க தம்பி" என்றார். பஞ்சு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. சொன்னது பொய்யில்லை என்பதற்குப் பின் டோர் கீலுக்குள் சாட்சி இருந்தது. கிரீஸோடு சேர்ந்து திரித்திரியாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தளத்தில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தோம், ஒரு நசுங்கல்கூட இல்லை.

காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம். அண்ணன் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடேற்றி வைத்தால் காலை நேர ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் தெரியாமல் போய்விடும். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம், அது வரவில்லை. பிறகு ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேலேயே தலைகீழாக வைத்தார். பேக் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் தேய்ந்து உள்காற்று ஆயில் பக்கம் கசிவது, இருந்தால் மூடி குதித்துக் கீழே விழும். அது லேசாக நடுங்கியபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் சாக்கை விரித்து அடியில் படுத்தார். பட்டை பிராக்கெட், சேஸிஸ் குறுக்குச் சட்டம் என்று டார்ச் அடித்து, வெல்டிங் வைத்த தடம் எங்காவது இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போனார். டயரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 3218 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னி வண்டியோடு வந்த டயராகவே இருந்தது. ஓட்டிப் பார்த்ததில் கிளட்ச் மட்டும் கொஞ்சம் மேலே பிடித்தது, அதைச் சொல்லி விலையைக் குறைத்தோம். மூன்று லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு முடிந்தது.

இழுத்தடித்தது பேப்பர் வேலைதான். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் ஆர்சியில் அப்படியே நின்றது. மெத்தைக் கடைக்காரர் கடனைக் கட்டி முடித்து வருஷங்கள் ஆகின்றன. பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் அப்போது கொடுத்த என்ஓசியைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டார். அதற்குக் காலக்கெடு உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. புது என்ஓசி கேட்டுப் போனால், கிளையில் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், தலைமை அலுவலகத்தில் மெயில் அனுப்பச் சொன்னார்கள். அது கைக்கு வரும்வரை நான் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. படிவம் 35 போட்டுக் கடன் பதிவை நீக்கி, படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினோம். பாக்கியிருந்த ஒரு பார்க்கிங் அபராதத்தை அவரே கட்டிவிட்டார். பெயர் மாறும்வரை வண்டியைக் கொடுக்க அவருக்கும் விருப்பமில்லை. கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினாலும் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டதே. விற்பவர்களில் பாதிப் பேர் இதை யோசிப்பதில்லை.

பாடி வேலைக்குத் திருச்செங்கோடு போனேன். லாரிக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும், பஸ்ஸுக்குக் கரூர் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு வேண்டியது இரண்டுதான்: நாற்காலி அடுக்க உயரமான பக்கக் கிராதி, பந்தல் பைப் வைக்க மேலே ஒரு தாங்கி. பைப் பன்னிரண்டு அடி, தளமோ எட்டடிக்குச் சற்றுக் கூட. பின்னால் நீட்டிக்கொண்டு போனால் போலீஸும் பிடிக்கும், பின்னால் பைக்கில் வருபவருக்கும் ஆபத்து. அதனால் கேபினுக்கு மேலே முன்பக்கம் வரை தாங்கியை நீட்டி, பைப் முழுக்க வண்டி நீளத்துக்குள்ளேயே படுக்கிற மாதிரி கேட்டேன்.

பட்டறைக்காரர் வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றித் தனியாக ஒதுக்கி வைத்தார். கழற்றாமல் வெல்டிங் அடித்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் போய்விடும் வாய்ப்பு உண்டு, அந்த ஒரு பெட்டிக்கே ஏகப்பட்ட பணம். சேஸிஸில் ஒரு பொட்டு வெல்டிங்கோ துளையோ போடவில்லை. சூடு பட்ட இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும் என்றார். யூ போல்ட்டால் கட்டி, இடையில் ரப்பர் கொடுத்து உட்கார வைத்தார். தளத்துக்குச் செக்கர் பிளேட் (வழுக்காத வரி போட்ட இரும்புத் தகடு) போடலாம் என்று நான் சொன்னதற்கு, "நூறு கிலோ கூடும், அந்த நூறு கிலோவை லோடுல குறைப்பீங்களா?" என்று கேட்டார். பழைய தளமே போதும் என்று விட்டுவிட்டேன். எடை மேடையில் முன்னும் பின்னும் போட்டுப் பார்த்ததில் 110 கிலோதான் கூடியிருந்தது.

கூட ஒரு பட்டை சேர்க்கச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். எனக்கு வேண்டாம். எங்கள் லோடு டன் கணக்கில் வருவதில்லை. பட்டை கூடினால் காலி வண்டி குதிக்கும், பீங்கான் தட்டு அத்தனையும் நொறுங்கும். முன்பக்கம் இரும்புக் குழாயில் மாட்டும் புல் பாருக்குத் தம்பி ஆசைப்பட்டான், அதற்கும் இடமில்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைக் கூடாது என்று சொல்லிவிட்டது, எஃப்சிக்குப் போனால் கழற்றச் சொல்வார்கள். பல ராகம் பாடும் ஹாரனுக்கும் அதே கதிதான். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ரிஃப்ளெக்டர் டேப் மட்டும் புதிதாக ஒட்டினோம். கிராதி, தாங்கி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து அறுபத்தெட்டாயிரம் ஆனது.

இன்சூரன்ஸைப் பெயர் மாற்றக் கேட்டு 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி நமக்கு வராது, அந்த வித்தியாசத்தையும் கட்டினேன். புதிதாகச் செய்த பாடி வேலையையும் பாலிசியில் எழுதச் சொல்லிவிட்டேன், பில் இருந்ததால் கேள்வி கேட்கவில்லை. ஓட்டுவதற்கு எனக்கும் தம்பிக்கும் இருக்கும் சாதாரண எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸே போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதை வைத்து ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை எஃப்சி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். அந்தச் செலவையும் இனிமேல் ஆடி மாதக் கணக்கில்தான் எழுத வேண்டும், அப்போதுதான் வண்டி சும்மா நிற்கும்.