கறுப்புக்கு அடியில்

சிகாகோ புறநகரில், காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரங்களைச் சீர்செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். சர்க்யூட் போர்டு ரிப்பேருக்குத்தான் சேர்ந்தேன். இப்போது பாதி நேரம் பெயிண்ட் எடுப்பதில் போகிறது. இந்த ஊரில் இப்படி ஒரு தொழில் இருப்பதில் ஆச்சரியமில்லை. ‘டிஃபெண்டர்’, ‘ரோபோட்ரான்’ ஆகிய விளையாட்டுகளைத் தயாரித்த வில்லியம்ஸ், அமெரிக்காவுக்கான ‘பேக்-மேன்’ பெட்டிகளைத் தயாரித்த மிட்வே, இரண்டுமே இந்த வட்டாரத்து நிறுவனங்கள்.

எங்களிடம் வருகிற இயந்திரப் பெட்டிகளில் பல, தலை முதல் கால் வரை கறுப்பாக இருக்கும். 1983 வாக்கில் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைகளிலும் பார்களிலும் இயந்திரம் வைத்துப் பிழைத்த ஆபரேட்டர்கள், புதுசு வாங்குவதற்குப் பதில் பழைய பெட்டிக்குள்ளேயே வேறு விளையாட்டைப் பொருத்தினார்கள். பக்கவாட்டில் இருந்த படம் உள்ளே இருக்கும் விளையாட்டோடு ஒட்டாதே! கையில் கிடைத்த கறுப்பு பெயிண்டை எடுத்து அடித்து மூடிவிட்டார்கள்.

பெட்டி சேகரிப்பவர்கள் அந்த ஆபரேட்டர்களைத் திட்டாத நாளில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பாதிக்காத பெட்டிகள் எத்தனையோ குப்பைக்குப் போய்விட்டன. வேஷம் மாற்றிக்கொண்டு காசு ஈட்டியவைதான் தப்பின. போதாததற்கு, ஜன்னலோரம் நின்ற பெட்டிகளில் வெயிலுக்கு வெளுத்துப்போகும் சிவப்பும் மஞ்சளும் இந்தக் கறுப்புக்கு அடியில் பளிச்சென்று இருக்கின்றன.

சரி, அடியில் படம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் பின்பக்கம் சீரியல் எண் இருந்தால் பார்ப்போம். பெட்டி எந்த விளையாட்டாகப் பிறந்தது என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும். அப்புறம் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிப்போம். வில்லியம்ஸ் பெட்டிகளில் படம் அச்சடித்த தாள் அல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில் வைத்து நேராகப் பலகைமேல் தெளித்த பெயிண்ட். ஆகவே நிறம் மாறும் இடத்தில் மெல்லிய மேடு இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த மேட்டின் நிழல் விழுந்து, கறுப்புக்குள்ளிருந்து முழு உருவமும் எழுந்து வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒன்றும் தெரியாவிட்டால், யாரோ உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த பிறகுதான் கறுப்பு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மற்றபடி எல்லாமே இரண்டு பெயிண்ட்களுக்கு இடையிலான வித்தியாசத்தில்தான் நடக்கிறது. மேலே இருப்பது கரைய வேண்டும், கீழே இருப்பது கரையக் கூடாது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்ப்போம். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அது சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ். நல்ல காலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டாவிட்டால் ஆயில் பெயிண்ட் என்று கொள்வோம், பொறுமை இரட்டிப்பாகத் தேவைப்படும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் அசிட்டோன், லாக்கர் தின்னர் போன்ற வீரியமான கரைப்பான்கள் பக்கம் போகவே மாட்டோம். அவை கறுப்போடு படத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் இன்னும் மோசம், எல்லா அடுக்குகளையும் சில நிமிடங்களில் கிளப்பிவிடும். அதன் புகையில் ஆட்கள் இறந்ததால், பெயிண்ட் எடுக்கும் ரிமூவராக அதைப் பொதுமக்களுக்கு விற்க அமெரிக்க அரசு 2019-ல் தடை போட்டது.

நாங்கள் பயன்படுத்துவது ஆரஞ்சு வாசனை அடிக்கும் மெதுவான ஜெல். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூசிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். சிகாகோ ஜனவரியில், ஹீட்டர் முக்கி முனகும் பட்டறையில் அரை மணி நேரம் அசையாமல் கிடக்கும் ஜெல், ஜூலையில் பத்தே நிமிடத்தில் படம் வரைக்கும் இறங்கிவிடும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை, கறுப்பைத்தான் பார்க்க வேண்டும். லேடெக்ஸ் என்றால் பாலாடை மாதிரிச் சுருங்கும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளி, துணியால் துடைத்து, ஜெல்லின் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றக் கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த துகள்பலகை ஊறி உப்பினால் அதைத் திருப்ப வழியில்லை. துணியில் கறுப்பைத் தவிர வேறு எந்த நிறம் தெரிந்தாலும் அன்றைக்கு அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

நிண்டெண்டோவின் ‘டாங்கி காங்’ போன்றவற்றில் பக்கப் படம் ஸ்டிக்கர். அங்கே படத்தின் மைக்கு வரும் ஆபத்தைவிடப் பசைக்கு வரும் ஆபத்து அதிகம். ஓரத்தில் ஜெல் நுழைந்தால் மொத்தமும் சுருண்டு வரும். அதனால் நடுவில் தொடங்கி, ஓரத்தைக் கடைசியில் ஆல்கஹால் பஞ்சால் மட்டும் துடைப்போம்.

கடைசியில் எப்படியும் சில புள்ளிகள் கறுப்பாகவே நிற்கும், சில இடங்களில் மரம் தெரியும். “இதையும் சுத்தமா எடுத்துடுங்களேன்” என்பார் உரிமையாளர். எங்கள் முதலாளி அதற்கு இசைய மாட்டார், நானும் அவர் பக்கம்தான். அந்தப் புள்ளியை எடுக்கப் போனால் சுற்றியுள்ள அசல் போகும். ஓவிய அருங்காட்சியகங்களில் செய்வதைப் போல, முதலில் அசலின் மேல் ஒரு வார்னிஷ் பூச்சு, அதன்மேல் உதிர்ந்த இடத்தில் மட்டும் நிறம். நாளைக்கு வேறொருவர் என் கைவேலையை அழிக்க நினைத்தால், அசலைத் தொடாமல் அழித்துக்கொள்ளலாம்.

புத்தம்புதிதாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு, பழைய படத்தைப் பார்த்து அச்சடித்த வினைல் ஸ்டிக்கர்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ஏற்கெனவே உப்புக்காகிதம் தேய்த்த பெட்டிக்கு அதையே நானும் சிபாரிசு செய்வேன். டார்ச் வெளிச்சத்தில் படம் தெரிந்த பெட்டிக்கு மாட்டேன். அப்போதும் பிடிவாதம் பிடிப்பவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுகிறோம்.