நாகைத் திருவிழாக்கள்: முந்தின ராத்திரியே வந்துவிடுங்கள்

நாகப்பட்டினத்துக்குத் திருவிழா பார்க்க வருகிறவர்கள் பலர் ஒரு நாள் பிந்தித்தான் வருகிறார்கள். காலண்டரில் போட்டிருக்கும் தேதிக்கு டிக்கெட் எடுப்பதுதான் காரணம். வேளாங்கண்ணி, சிக்கல், நாகூர் மூன்று ஊரிலுமே பார்க்க வேண்டியது அதற்கு முந்தின மாலையிலோ இரவிலோ நடக்கும்.

வேளாங்கண்ணிக் கணக்கு சுலபம். ஆங்கிலத் தேதி, மாறாது. ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். ஆனால் பெரிய தேர் 7-ஆம் தேதி இரவே ஓடிவிடும். 8-ஆம் தேதி காலையில் திருப்பலி, மாலையில் கொடியிறக்கம், அவ்வளவுதான். அந்த வாரம் அங்கே அறை தேடி அலையாமல் திருவாரூரில் தங்கிப் போய்வருவது உத்தமம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் அதிகம் நடக்கிறார்கள். முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்காரருக்குக் காவி தெரியாது.

சிக்கலுக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும். ஐப்பசி அமாவாசைக்குப் பின் வரும் சஷ்டியில் சூரசம்ஹாரம். ஆனால் ‘சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்’ என்பதே பேச்சு வழக்கு. சிங்காரவேலர் தாயார் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குவது பஞ்சமி மாலை. அப்போது சுவாமி திருமேனியில் முத்து முத்தாக வியர்வை அரும்பும், பட்டுத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். இதைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும். மறுநாள் சஷ்டிக்கு வருகிறவருக்கு சம்ஹாரம் உண்டு. அது எல்லா முருகன் கோயிலிலும் உண்டே!

அதிகம் பேர் தடுமாறுவது நாகூரில். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி, ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தின் முதல் பிறையில் தொடங்கி 14 நாள் நடக்கும். இஸ்லாமியக் கணக்கில் நாள் பிறப்பது மக்ரிபில், சூரியன் மறைந்ததும்; அதாவது இரவு முதலில், பகல் பிறகு. பிறை 10, அதாவது அந்த மாதத்தின் பத்தாம் நாள் என்றால், அதன் இரவு ஆங்கிலத் தேதிப்படி முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். அந்த இரவில்தான் சந்தனக்கூடு, சந்தனக் குடம் ஏற்றிய ரதம், நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும். ஊர்வலம் ஊர்ந்து ஊர்ந்து நாகூர் வந்து, விடியுமுன் ரவ்ளாவில் (ஆண்டவர் அடக்கமான இடத்தில்) சந்தனம் பூசி முடித்துவிடுவார்கள். உள்ளூர் விடுமுறை நாளைப் பார்த்துக் காலை பஸ்ஸில் வந்தால் துடைத்த சந்தனத்தின் வாசனைதான் மிச்சம். இன்னொன்று: பிறை தெரிவதைப் பொறுத்து எல்லாமே ஒரு நாள் தள்ளலாம். மாதம் முன்பே முன்பதிவு செய்கிறவர்கள் இரண்டு இரவுக்கு அறை போடுவது நல்லது.

ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு சுமார் 354 நாள். அதனால் கந்தூரி ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். சஷ்டியும் நிலாக் கணக்குதான் என்றாலும், சூரிய மாதமான ஐப்பசியின் அமாவாசையோடு சேர்த்து அதை ஐப்பசி, கார்த்திகையை விட்டு நகராமல் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடுகிற கணக்கும் கட்டி வைத்த கணக்கும் எப்போதாவது ஒரே அமாவாசையில் சந்திக்கும். 2026, 2027, 2028 மூன்று ஆண்டும் அப்படித்தான் வருகிறது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. கந்தூரிக் கொடி நவம்பர் 10 அல்லது 11, சூரசம்ஹாரம் 15 வாக்கில், சந்தனக்கூடு 19 அல்லது 20 இரவு. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க இதைவிட வாய்ப்பில்லை. 2029-இல் கந்தூரி அக்டோபர் தொடக்கத்துக்கே போய்விடும், சஷ்டியோ நவம்பரில்தான்.

ஒரே தொல்லை மழை. நவம்பர் என்றால் நாகைக்கு வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்த மாதம். 2018-இல் கஜா கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. குடை பிடித்தால் பின்னால் நிற்பவர் திட்டுவார், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பும் ரப்பராக இருக்கட்டும்.

நேர்த்திக்கடன் விஷயத்தில் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் மொட்டை உண்டு, கை, கால், கண், வீடு என்று தகட்டில் அடித்த உருவங்கள் உண்டு. வேளாங்கண்ணிக்குத் தென்னங்கன்றும் கொண்டுவருவார்கள். மொட்டை போட்ட கையோடு கடலில் குளிக்க இறங்குகிறவர்கள் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். பருவமழைக் கடல் கரையிலிருந்து நாலு எட்டிலேயே ஆளை இழுக்கும்.