தூரத்தைப் பார்த்து நான் போட்ட கணக்கு

என் மகளின் முதல் டிரையத்லானில் 100 மீட்டர் நீச்சல், 5 கிலோமீட்டர் சைக்கிள், 1 கிலோமீட்டர் ஓட்டம். ஒன்பது வயது அவளுக்கு. ஈரக்காலில் சாக்ஸ் ஏறாமல், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடமான டிரான்சிஷனில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் வெறுங்காலையே ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு ஓடினாள். ஓடி முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பதக்கம். அந்த வயதில் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பதினொரு வயதில் அடுத்த பிரிவு: 200 மீட்டர், 10 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர். நீச்சலில் பின்தங்கித்தான் வெளியே வருவாள். ஆனால் சைக்கிள் ஏறிவிட்டால் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவாள். தனியாக, தலையைக் குனிந்தபடி, யாரையும் நெருங்காமல் ஓட்டுவது அவளுக்குப் பிடித்தது. இந்தப் பிரிவின் விதியும் அதுதான்: முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொள்ளக்கூடாது. இரண்டு முறை முதலிடம் வாங்கினாள்.

அப்போதுதான் அதற்கும் மேலான 'யூத் எலைட்' பிரிவின் தூரத்தைப் பார்த்தேன். 375 மீட்டர், 10 கிலோமீட்டர், 2.5 கிலோமீட்டர். நீச்சலில் 175 மீட்டர் கூடுதல், ஓட்டத்தில் அரை கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார் பயிற்சியாளர். நான் கேட்கவில்லை, பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பிரிவில் டிராஃப்டிங் உண்டு. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம், முறைவைத்து முன்னே வந்து எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்ளலாம். வேகமாகப் போகும்போது சைக்கிள்காரரின் பலத்தைத் தின்பது பெரும்பாலும் காற்றுதான். பின்னால் இருப்பவருக்கு அதில் கணிசமான பங்கு மிச்சமாகிறது. அதனால் நீச்சலின் அர்த்தமே மாறிப்போகிறது. தண்ணீரிலிருந்து எந்தக் கூட்டத்தோடு வெளியே வருகிறோமோ அந்தக் கூட்டத்தின் வேகம்தான் நமக்குக் கிடைக்கும். கூட்டத்தை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல கால் இருந்தாலும் தனி ஆள் ஏழு பேரைத் துரத்த முடியாது. நெருக்கத்தில் முழங்கையை முட்டுக்கொடுக்க முடியாது என்பதால், முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த, அவள் ஆசையாகப் பழகியிருந்த ஏரோ பாரையும் முந்தின இரவே கழற்ற வேண்டியதாயிற்று.

தண்ணீரிலிருந்து முன்கூட்டத்துக்கு ஐம்பது விநாடி பின்னால் வந்தாள். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட்டாள், சைக்கிளில் ஏற அனுமதிக்கும் மவுன்ட் கோட்டைத் தாண்டியே ஏறினாள், எதிலும் தவறில்லை. ஆனால் பாதையில் அவள் மட்டும். ஆறு சுற்றில் மூன்றாவது முடியும் இடத்தில் முன்கூட்டம் பின்னாலிருந்து அவளை எட்டிப்பிடித்துவிட்டது. ஒரு சுற்று பின்தங்கினால் வெளியேறவேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. நடுவர் கை காட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "நான் இன்னும் ஓடவே இல்லையேம்மா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நான் யோசிக்காத இன்னொன்றும் இருந்தது. இந்த விளையாட்டில் வயதைக் கணக்கிடுவது போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று எத்தனை வயது என்பதை வைத்து. என் மகள் டிசம்பர் கடைசியில் பிறந்தவள். 13 முதல் 15 வரையான பிரிவில் நின்றபோது அவளுக்கு நிஜத்தில் பன்னிரண்டரை வயது. ஜனவரியில் பிறந்த பதினைந்து வயதுக்காரி அவளைவிட ஏறக்குறைய மூன்று வருஷம் பெரியவள். அந்த வயதில் மூன்று வருஷம் என்றால் உயரம், தோள், நுரையீரல் எல்லாமே வேறு. அன்று தொடக்கக் கோட்டில் இவள் தலை பக்கத்தில் நின்றவளின் தோளுக்குத்தான் வந்தது. பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மேல்நிலைப் போட்டிகளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். 16 முதல் 19 வயது வரையான ஜூனியர்களுக்கு 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். தனிநபர் ஒலிம்பிக் தூரம் அதைப்போல இரண்டு மடங்கு. இதுவரை என் கணக்கு சரிதான் என்று தோன்றும். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில் நடந்த, ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் மாறி மாறிப் போகும் கலப்பு ரிலேயைப் பாருங்கள்: ஒருவருக்கு 300 மீட்டர் நீச்சல், 6.8 கிலோமீட்டர் சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம். என் மகள் தோற்ற போட்டியைவிடச் சின்னது! 2016, 2017 இரண்டு ஆண்டும் ஜூனியர் உலகப் பட்டம் வென்ற டெய்லர் நிப் அந்த ரிலேயில் அமெரிக்காவுக்காக ஓடி வெள்ளி வாங்கினார். இந்தக் கலப்பு ரிலே ஒலிம்பிக்குக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே, 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் பிள்ளைகள் அதை ஓடிவிட்டார்கள். அந்தக் காணொளிகளை மகளும் நானும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அவள் பார்ப்பது திருப்பங்களில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை.

இந்த வருஷம் அவள் பழைய பிரிவிலேயே ஓடுகிறாள். யூத் எலைட் பிள்ளைகளோடு பயிற்சி மட்டும். வாரம் நான்கு நாள் நீச்சல். சனிக்கிழமைகளில் புல்தரையில், ஷூவை பெடலில் பூட்டாமல், இரண்டு இரண்டு பேராகத் தோளோடு தோள் உரச மெதுவாக ஓட்டுகிறார்கள். கீழே கிடக்கும் தண்ணீர் பாட்டிலை ஓடுகிற சைக்கிளிலிருந்தே குனிந்து எடுக்கிறார்கள். யாராவது நெருங்கினால் இவள் கை தானாகப் பிரேக்குக்குப் போகும். பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் ஆபத்து என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

போன சனிக்கிழமை முழங்காலில் சிராய்ப்போடு காருக்கு வந்தாள். விழுந்துவிட்டாளோ என்று நான் கேட்கும் முன்பே, "அவ முழங்கை இடிச்சும் நான் பிரேக்கைத் தொடவே இல்லம்மா. விழுந்தது அப்புறம், பாட்டில் எடுக்கும்போது" என்றாள்.