மொட்டைமாடியில் டின் விசில்

வேலூர் வெயில் தணிந்ததும் டின் விசில் என்கிற சின்ன ஐரிஷ் குழலோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஆறே துளை, டி சுருதி, அதாவது நம் 2 கட்டை. நான் படித்த புல்லாங்குழலில் ஷட்ஜமத்துக்கு ஆறு துளையையும் மூட வேண்டாம், இதில் மூட வேண்டும். இதற்கு விரல் பழகவே ரெண்டு மாதம் ஆனது. அப்புறம் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால், அப்படியே சங்கராபரணம்!

ஐரிஷ் மெட்டுகளுக்கு 'தி செஷன்' இணையதளம் ஒன்றே போதும். ஆயிரக்கணக்கான மெட்டுகள், இலவசமாக, ஏபிசி எழுத்துக் குறிப்போடு. எனக்கு ஸ்வரம் படிப்பது போலவே இருக்கிறது. ஆனால் 'கட்' என்கிற அந்த நொடிநேர விரல் தூக்கல் எழுத்தில் பிடிபடாது. அதற்கு யூடியூப்தான்: வேகத்தைப் பாதியாக்கி, வாசிப்பவரின் விரலையே பார்க்கிறேன்.

நேற்று ஒரு ஜிக்கில், அதாவது ஐரிஷ் நடன மெட்டில், அந்த 'கட்' சுத்தமாக விழுந்தது. துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா, "இன்னொரு தடவை வாசி தம்பி" என்றார்.