அம்மா வைத்த நேர்த்தி

எனக்குக் கனடாவில் காட், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைத்தால் யாழ்ப்பாணம் நல்லூர் முருகன் கோயில் தேரன்று வீதியைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்விப்பேன் என்று அம்மா நேர்த்தி வைத்தது 1999இல். காட் கிடைத்தது, பிறகு சிற்றிசனும் கிடைத்தது. நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது. 2006இல் எப்படியும் வருவதென்று இருந்தேன். அந்த ஓகஸ்டில், நல்லூரில் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். பாதை திறந்த பிறகு வேலை, வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒன்று மாறி ஒன்று. ஒவ்வொரு ஆவணி அமாவாசைக்கும் தொலைபேசியில் அம்மா, "அவனுக்குத் தெரியும், எப்ப கூப்பிடவேணும் எண்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இந்த வருடம் முருகன் கூப்பிட்டான். மகளின் பள்ளி விடுமுறையும் திருவிழாவும் ஒன்றாக வந்தன. கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, ஆனையிறவு தாண்டும்போது விடிந்தது. வீட்டில் கொடியேற முதலே மீன், இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டிகளைக் கட்டி மேலே ஏற்றி, எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

தேரன்று சாமத்திலேயே புறப்பட்டோம். சனம் என்றால் அப்படியொரு சனம். கோயில் வீதிகளுக்குள் வாகனம் விடமாட்டார்கள், அது நல்லது. ஆனால் சுற்றியிருக்கிற ஒழுங்கைகளில் வளவுக் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்த வாய்க்கு வந்த காசு கேட்கிறார்கள். எங்கள் தோற்றத்தைப் பார்த்ததுமே ஓட்டோக்காரருக்கு டொலர் ஞாபகம் வந்துவிடுகிறது. உள்ளே அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான்! நல்லூரான் வாங்குவது ஒரு ரூபாய், வெளியில் அவன் பெயரால் வாங்குவதற்குக் கணக்கில்லை. இதற்குள் ஒலிபெருக்கியில் நகை கவனம், நகை கவனம் என்று ஓயாத அறிவிப்பு வேறு.

தலையில் தண்ணீர் வார்த்து, ஈர வேட்டியோடு மணலில் கிடந்தேன். கிழக்கு வீதி தெரியாமல் போனது. தெற்கில் தலை சுற்றத் தொடங்கியது. மேற்கு வீதியில் வயிற்றைப் பிரட்டி, மணல் வாய்க்குள் போய், எந்தப் பக்கம் கோயில் எந்தப் பக்கம் வேலி என்றே தெரியவில்லை. முன்னால் உருண்டவரின் கால் என் நெற்றியில் இடித்தது. போதாக்குறைக்கு வீடியோ எடுக்கிறவர்கள் வழியிலேயே நிற்கிறார்கள், தள்ளியும் போகமாட்டார்கள். எழும்பிவிடுவோமா என்று நினைத்த நேரம், யாரோ ஒரு பொடியன் என் முதுகில் கை வைத்து நேராக்கிவிட்டு, "அண்ணை, விடாதேங்கோ, வடக்கு வீதி வந்திட்டுது, அரோகரா சொல்லுங்கோ" என்றான். முகம்கூடப் பார்க்கவில்லை. அவன் கை வைத்து வைத்துத் திருப்ப, நான் அரோகரா சொல்லிச் சொல்லியே வாசலுக்கு வந்து சேர்ந்தேன். எழுப்பிவிட்டபோது அவன் இல்லை. பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வந்த மனைவியிடமும் அக்காவிடமும் கேட்டேன், அவர்களும் காணவில்லை. அது யார் என்று அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. நானும் மறுக்கப் போகவில்லை.

அம்மாவைத் தேரடிப் பக்கமாக ஒரு கதிரையில் இருத்தியிருந்தோம். நல்லூரில் நேரம் என்றால் நேரம். சொன்ன நேரத்துக்கு, வள்ளி தெய்வானையோடு ஆறுமுகப் பெருமான் வாசலால் வெளியே வந்தார். சனம் முழுக்க இரண்டு கையும் தலைக்கு மேலே. சிதறு தேங்காய்ச் சத்தத்தில் காது அடைத்தது. அந்தச் சத்தத்துக்குள்ளும் அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குனிந்து காதைக் கொடுத்தேன். லண்டனில் இருக்கிற மாமியின் மகன், பாரிஸில் இருக்கிற சின்னண்ணா, சிட்னியில் இருக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை, நான் மறந்தே போன என் வகுப்புத் தோழர்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஊரையும் சொல்லி, பார்த்துக்கொள்ளச் சொல்லி முருகனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக என் பெயர். "இவன் வந்திட்டான். இனி மற்றப் பிள்ளையளைப் பார்."

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. தேர் எப்போது இழுபட்டது, எப்போது இருப்பிடத்துக்கு வந்தது, ஒன்றும் சொல்லத் தெரியாது. கண்ணீரும் மணலும்தான். தண்ணீர்ப் பந்தலில் யாரோ சர்க்கரைத் தண்ணி தந்தார்கள், குடித்தேன். பின்னேரம் பச்சை அலங்காரம் சாத்தி ஆறுமுகன் தேரிலிருந்து இறங்கி வந்தபோது மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அரோகரா என்றாள். அம்மா அந்த நேரம் பார்த்து அவளுடைய பல்கலைக்கழகப் படிப்புக்கு இன்னொரு நேர்த்தியும் வைத்துவிட்டார்.

நல்லூரானே, பாதை பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அம்மாவுக்கு நீதான் துணை இருந்தாய். நான் வருமட்டும் அவரை எனக்காக வைத்திருந்தாய். மேற்கு வீதியில் என் முதுகில் கை வைத்தாய். அரோகரா, ஐயா, அரோகரா.