கடைசி மூன்று ஆட்டம், ஒன்பது கோல்

2022-23 சீசனில் மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 36 கோல் அடித்து இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் சாதனையை முறியடித்தபோது, எவர்டன் அணியின் டிக்ஸி டீன் 1927-28இல் ஒரே லீக் சீசனில் 60 அடித்திருக்கிறார் என்று ஒரு நண்பனிடம் சொன்னேன். "அது ஆஃப்சைடு விதியைத் தளர்த்திய காலம்டா, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்" என்றான். அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

விதி மாறியது உண்மைதான். 1925 வரை, பந்தை வாங்கும் ஆளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு; அதன்பின் இரண்டு பேர் போதும் என்றானது. கோல்கள் கொட்டின. ஆனால் அந்தத் தளர்வு எல்லோருக்கும்தானே? விதி மாறிய முதல் சீசனில் பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் 43 அடித்தார், அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் அதுவே அப்போது சாதனை. அடுத்த சீசனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 அடித்தார், ஆனால் அது இரண்டாம் டிவிஷன். டீன் 60 அடித்தது முதல் டிவிஷனில், 39 ஆட்டங்களில். எவர்டன் அந்த சீசனில் போட்ட மொத்த கோல் 102, அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஆளுடையது.

இதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1926 கோடையில், மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்கு மண்டை ஓடும் தாடையும் உடைந்தன. இனி ஆட முடியாது என்றுதான் பேச்சு. சில மாதங்களில் திரும்பி வந்து அதே தலையால் முட்டி கோல் போட ஆரம்பித்துவிட்டார். மண்டைக்குள் இரும்புத் தகடு இருக்கிறது, அதனால்தான் பந்து அப்படிப் பறக்கிறது என்று ஒரு கதைகூட கிளம்பியது.

சரி, அந்தக் கடைசி நாட்களுக்கு வருகிறேன். மூன்று ஆட்டம் பாக்கி, கேம்செலைத் தாண்ட ஒன்பது கோல் வேண்டும். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2, பர்ன்லியில் 4, ஆக 57. 1928 மே 5, எவர்டனின் சொந்த மைதானமான குடிசன் பார்க், எதிரே ஆர்சனல். முதல் கோல் ஆர்சனலுடையது. டீன் உடனே சமன் செய்தார், அப்புறம் ஒரு பெனால்டி, 59. ஆர்சனலும் 2-2 ஆக்கியது. பிறகு நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, கோல் வரவில்லை, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அலெக் ட்ரூப் அடித்த கார்னரில் தலை வைத்தார். அதற்குப் பிறகு ஆர்சனல் இன்னொன்று போட்டு 3-3 ஆக்கியது, அதை யார் கவனித்திருப்பார்கள்!

கேம்செல்தான் பாவம். இங்கிலாந்துக்காக டீன் 16 ஆட்டத்தில் 18 கோல், கேம்செல் 9 ஆட்டத்திலேயே அதே 18. ஒரே ஒரு கோலில் ஆளையே மறந்துவிட்டோம்.

1930இல் எவர்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் டீன் விட்டுப் போகவில்லை. 1931இல் அங்கே முதலிடம், 1932இல் முதல் டிவிஷன் பட்டம், 1933இல் எஃப்.ஏ. கோப்பை. எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் ஒன்றில் முதன்முறையாகச் சட்டைக்கு எண் போட்டது அன்றுதான், இவர் முதுகில் 9.

இவ்வளவுக்கும் சம்பளம்? அன்றைய உச்சவரம்பு வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. அறுபது அடித்தாலும் அதற்கு மேல் தர விதி இல்லை. ஆஃப்சைடு விதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விதியைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆடி முடித்தபின் செஸ்டரில் மதுக்கடை நடத்தினார், பிறகு ஒரு நிறுவனத்தில் போர்ட்டர் வேலை. 1976இல் அவருடைய ஒரு காலை வெட்டி எடுத்தார்கள்.

1980 மார்ச் 1, குடிசன் பார்க்கில் லிவர்பூலுடன் ஆட்டம். பார்க்க வந்திருந்தவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார், வயது 73. எவர்டன் அன்று 2-1 என்று தோற்றது.