பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு பட்டியல்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, அவிநாசி

டெக்சாசில் இருக்கும் அண்ணன், மே கடைசியில் எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். அங்கே பேறு காலத்துக்கு முன்பே ‘பேபி ரெஜிஸ்ட்ரி’ என்று ஒரு பட்டியலைக் கடையிலோ இணையத்திலோ பதிந்துவிடுகிறார்கள். உறவினர்களும் நண்பர்களும் அதைப் பார்த்து ஆளுக்கு ஒன்றாக வாங்க, வாங்கிய பொருளுக்கு எதிரே குறி விழுந்துவிடுவதால் ஒரே பொருள் இரண்டு முறை வந்து சேர்வதில்லை.

நம் பக்கத்தில் சீர் என்பது செய்கிறவர் மனதையும் கையையும் பொறுத்தது. வாங்கிக்கொள்கிறவர் இது வேண்டும் என்று வாய் திறப்பதில்லை. அந்தக் கௌரவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கணவரின் அக்கா, எங்கள் நங்கையா, பிள்ளை பெற்றபோது வந்த பொருள்களை நினைத்துப் பார்க்கிறேன். சரிகை வைத்த கவுன்களும், பவுடரும் எண்ணெயும் அடுக்கிய பரிசுப் பெட்டிகளும் பீரோவின் மேல்தட்டு நிறைய வந்தன. கொசுவலையும் நாப்கின் துணியும் மட்டும் ஒருவர் கையிலிருந்தும் வரவில்லை. பணம் செலவழித்தவர்களின் அன்பில் குறையில்லை, அவர்களுக்குத் தேவை இன்னது என்று தெரியாமல் போயிற்று. ஆகவே பட்டியல் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கணவரின் ஆத்தாவுக்கு இதில் ஒரு தடை இருந்தது. “பொறக்கறதுக்கு முந்தி ஊட்டுக்குள்ள ஒண்ணும் கொண்டாரக் கூடாது கண்ணு” என்றார். பேறு என்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் போய் வரும் காரியமாக இருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். காலியான தொட்டிலை எடுத்து மறைத்து வைக்கும் துயரம் ஒரு வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. பட்டியல் அந்த வழக்கத்தை மீறவில்லை. உண்மையில் அதற்கு ஒத்தே போகிறது. யார் எதைத் தருவது என்று பெயர் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம், பொருள் பிள்ளை பிறந்த பிறகே வீட்டுக்குள் வரட்டும் என்றேன். ஆத்தா ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 12, புதன்

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அமெரிக்கக் கடைகளின் மாதிரிப் பட்டியல்களைப் பார்த்தேன். பால் புட்டியைச் சூடாக்கும் கருவியிலிருந்து ஈரத்துணியை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டி வரை நீண்டுகொண்டே போகின்றன. மே மாதத்து அவிநாசியில் எந்தத் துணியையும் யாரும் சூடாக்க வேண்டியதில்லை.

அதைவிட நல்ல மாதிரி வீட்டிலேயே இருந்தது. நங்கையாவுக்கு அரசு மருத்துவமனையில் பேறு நடந்தபோது அரசின் ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’ கொடுத்தார்கள். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் சுமார் 1,000 ரூபாய் மதிப்புள்ள 16 பொருள்கள் இருந்தன: துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை முதலியன. தாய்க்குக் கைகழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதிலேயே இருந்தன. பெற்றவளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடைகளின் மாதிரிப் பட்டியல்களில் தாய்க்கென்று தேடித்தான் எடுக்க வேண்டும். பின்லாந்தில் 1938 முதலே இப்படி ஒரு பெட்டியை அரசு கொடுத்துவருகிறது. முதலில் வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு மட்டும் என்றிருந்தது, 1949-இல் எல்லாத் தாய்மார்களுக்கும் ஆயிற்று; அந்த அட்டைப் பெட்டியே பிள்ளைக்கு முதல் படுக்கையாகவும் பயன்பட்டிருக்கிறது.

பெட்டகத்தின் 16 பொருள்களையும் அடித்தளமாக எழுதிக்கொண்டு, அதில் கூட்டவும் கழிக்கவும் செய்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று முழுவதும் உடைகள். திருப்பூரில் குழந்தை உடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதால், இந்தப் பகுதியில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அளவு. பிறந்த பிள்ளைக்கு என்று எல்லாரும் மிகச் சிறிய அளவையே வாங்குகிறார்கள், ஏனென்றால் பார்க்க அதுதான் அழகு. ஆனால் பிள்ளை ஐந்து மாத வாக்கில் பிறந்த எடையைப்போல் இரு மடங்கும், ஒரு வயதில் மும்மடங்கும் ஆகிவிடுகிறது. ஐரோப்பிய அளவுகள் பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பவை: பிறக்கும்போது 50 அல்லது 56, மூன்று மாதத்தில் 62, ஆறு மாதத்தில் 68, ஒரு வயதில் 80. ஆகவே 56-இல் நான்கு ஜப்லா போதும். 62-இல் எட்டும், 68-இல் ஆறும், அதற்கு மேல் பெரிய அளவுகளில் சிலவும் கேட்கப்போகிறேன்.

அளவோடு பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே கடைசியில் பிறந்தால் முதல் சில நாள் வெக்கை, பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆடி முடிய விடாது. அந்த மாதங்களுக்கு மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியில் கையில்லாத ஜப்லாவும், காற்றில் போர்த்திக்கொள்ள மெல்லிய பருத்திப் போர்வையும் வேண்டும். 68 அளவு பொருந்தும் காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் துவைத்தது காயாது என்பதால் எண்ணிக்கை கூட வேண்டும். மார்கழிக் குளிருக்கு 74-இல், சற்றுத் தடித்த இன்டர்லாக் துணியில் முழுக்கை உடை இரண்டு மூன்று இருந்தால் நல்லது. கம்பளி உடுப்பு நம் ஊருக்கு எந்த மாதத்திலும் தேவையில்லை.

அடுத்தது தையல். 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலையிலும் கழுத்திலும் கயிறோ நாடாவோ இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரமான ஈ.என். 14682-இன் விதி, மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும் என்பதே காரணம். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கழுத்து ஒன்றுதான். ஆகவே நாடா கட்டும் குல்லாயும் பின்கழுத்தில் முடிச்சுப் போடும் ஜப்லாவும் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து வரும் என்வலப் கழுத்து வேண்டும். அது வெறும் அலங்காரம் அன்று. பிள்ளை மலம் கழித்து உடை நனைந்தால் தலை வழியாக இழுக்காமல் தோள் வழியாகக் கீழே இறக்கிக் கழற்றலாம். அழுத்திப் பூட்டும் ஸ்னாப் பட்டன் நிக்கல் கலக்காததாக இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்த்த பிறகே சரக்கை விடுகிறோம். எச்சில் பட்டால் சாயம் விடுகிறதா என்றும் சோதிப்போம், பிள்ளை உடையைச் சப்பாமல் இருக்காது.

காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகள் நல்ல விலைக்குக் கிடைக்கும் என்பதால், உள்ளூர் நண்பர்கள் அங்கேயே வாங்கலாம் என்று குறித்திருக்கிறேன். அவை எதற்காகக் கழிக்கப்பட்டவை என்று தெரியாது ஆகையால், போடுவதற்கு முன் ஒவ்வொன்றின் தையலோரத்தையும் உட்புறம் திருப்பி, முறிந்த ஊசித் துண்டு ஏதும் இல்லை என்று நானே தடவிப் பார்த்துவிடுவேன்.

நாப்கின் துணிக்குப் புதிது வேண்டாம். வெளுக்காத காடா துணியில் பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சி பல முறை துவைத்தால்தான் முழுவதும் போகும். அப்பாவின் பழைய வேட்டிகள் அந்தத் துவைப்பையெல்லாம் கடந்து பூப்போல ஆகிவிட்டன. முதல் உடை பழந்துணியாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்தி வருகிறது. டயப்பர் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும், அதிலும் சிறிய அளவில் ஒரே ஒரு கட்டு.

பிப்ரவரி 22, சனி

மருத்துவரிடம் இன்று பட்டியலைக் காட்டினேன். அவர் அடித்தவை பின்வருமாறு.

பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். கண்மை வேண்டாம், பலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. தலையணையும், தொட்டில் பக்கவாட்டுக்குக் கட்டும் பஞ்சுத் தடுப்பும் வேண்டாம். மூச்சடைப்பு அபாயம் கருதி அமெரிக்காவில் அந்தத் தடுப்பின் விற்பனையையே 2022-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கையுறை வேண்டாம், பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோவது பசிக்கு முதல் அடையாளம், அதை மூடி வைக்கக் கூடாது.

பால் புட்டியையும் பால்மாவையும் பரிசாகக் கேட்பது எனக்கே ஒப்பவில்லை. 1992-இல் இயற்றி 2003-இல் திருத்திய சட்டம் நம் நாட்டில் அவற்றின் விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால் பிழிந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தால், பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடை இருக்கிறது; பச்சிளங் குழந்தைகள் பிரிவுகளிலும் அதைக் கையாள்கிறார்கள். அம்மா வீட்டில் வெள்ளிப் பாலாடை உண்டு, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய எவர்சில்வரில் ஒன்றும் சேர்த்துக்கொண்டேன்.

சக்கரம் வைத்து, பிள்ளையை நடுவில் உட்கார வைக்கும் வாக்கரை அலுவலகத் தோழிகள் தருவதாக இருந்தார்கள். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதில் உட்கார்ந்த பிள்ளை கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். அதற்குப் பதிலாக மரத்தில் செய்த நடைவண்டியைக் கேட்டிருக்கிறேன். அதைப் பிள்ளை தன் காலில் நின்று, பின்னாலிருந்து தள்ளும். ஒரு வயது நெருங்கும்போது வாங்கினால் போதும்.

மார்ச் 2, ஞாயிறு

தொட்டில் பற்றி வீட்டில் நீண்ட பேச்சு. அண்ணன் மரக் கட்டில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அம்மாவோ விட்டத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டாத வீட்டில் பிள்ளை எப்படித் தூங்கும் என்று கேட்கிறார்.

நெகமம் பருத்திச் சேலையில் கட்டிய தொட்டிலில் காற்றும் புகும், ஆட்டுவதற்கும் எளிது. ஆனால் துணி குழிந்து, பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டும்படி உடல் மடங்கினால் மூச்சுக்குத் தடை வரும். தொட்டில் கட்டையைக் குறுக்கே வைத்தால் துணி பக்கவாட்டில் விரியும், குழிவு மட்டும் முழுவதும் போகாது. ஆகவே பகலில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சமாதானப்படுத்தத் தொட்டில். இரவில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று முடிவாயிற்று. ஸ்பிரிங் தொட்டிலை நான் ஏற்கவில்லை. அண்ணனின் கட்டிலும் இப்போது வேண்டாம். என் கட்டிலை ஒட்டிப் போடும்படி சென்னிமலையில் பஞ்சை இறுக்கி அடைத்த தட்டையான சிறு மெத்தையும், அதற்கு இரண்டு பருத்தி விரிப்பும், குடைபோல் மடியும் கொசுவலையும் எழுதியிருக்கிறேன். வாய்க்கால் பாசனம் உள்ள அம்மா ஊரான கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கொசுவலைதான் முதல் பொருள்.

மார்ச் 5, புதன்

பால் பிழியும் பம்ப் தேவையா என்பது விடுமுறைக் கணக்கைப் பொறுத்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் பேறுக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். மே முதல் தேதி விடுப்பில் போனால் அக்டோபர் கடைசியில் திரும்ப வேண்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்ப அப்போது இன்னும் மூன்று வாரம் இருக்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. எங்கள் நிறுவனத்தில் காப்பகம் உண்டு. ஆகவே விலை உயர்ந்த மின்சாரப் பம்பை நீக்கிவிட்டுக் கையால் இயக்குவதை மட்டும் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு, கோபிசெட்டிபாளையம்

கர்ப்பிணிக்குச் செய்யும் சீர்ச் சடங்கான கட்டுச்சோறு இன்று நல்லபடியாக முடிந்தது. சில நாள் இங்கே இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பி, ஏப்ரல் கடைசியில் மறுபடியும் வருவேன். வந்திருந்த பெண்கள் என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டபோது, முன்போல் “ஒண்ணும் வேண்டாமுங்க” என்று சொல்லாமல் பட்டியலை எடுத்துக் காட்டினேன். பெரியம்மா ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, “இது நல்லாருக்குதே, எனக்குக் கொசுவலைன்னு எழுதிக்க அம்மிணி” என்று தம் பெயரைப் பதிந்ததும் மற்றவர்களும் தயக்கம் விட்டார்கள். விலை குறைந்த பொருள்கள் நிறைய இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். 100 ரூபாய் நகவெட்டியும் எவர்சில்வர்ப் பாலாடையும் முதலில் போயின.

அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, வாங்கித் தர வசதியில்லை என்று ஒரு வருத்தம் இருந்தது. பிள்ளையை நீட்டிய காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவதில் எங்கள் குடும்பத்தில் அவருக்கு இணை யாரும் இல்லை. குளியல் தொட்டி என்ற வரியை அடித்துவிட்டு, முதல் மாதம் குளிப்பாட்டுவது என்று எழுதி அவர் பெயரைப் போட்டேன். பிறந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் முதல் குளியல் என்ற மருத்துவரின் சொல்லையும் அவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். அதன் பிறகு இன்னும் சிலர் இப்படியே முன்வந்தார்கள். சித்தி பத்தியச் சாப்பாட்டையும், பக்கத்து வீட்டு அக்கா நாப்கின் துணி துவைப்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

கடைசியாக எஞ்சியது காரில் பொருத்தும் குழந்தை இருக்கை. பட்டியலிலேயே விலை மிகுந்த பொருள் அது, நம் ஊரில் பலர் தேவையில்லை என்று நினைப்பதும் அதுவே. கோபியிலிருந்து குன்னத்தூர் வழியாக அவிநாசிக்குப் பிள்ளையை அழைத்து வரும்போது மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கணவரும் கேட்டார். வண்டி சட்டென்று நின்றால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பின்புறம் பார்க்கும்படி பொருத்தும் இருக்கை வேண்டும், எங்கள் காரில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்பதால் அண்ணன் அங்கிருந்து கொண்டுவரக் கூடாது என்று எழுதினேன்.

இரவு அண்ணன் கூப்பிட்டார். இருக்கைக்குப் பணம் அனுப்புவதாகவும், கோவையில் கடை பார்த்து வைக்கும்படியும் சொன்னார். தாய்மாமன் சீராக அவர் போடப்போகும் வெள்ளி அரைஞாணையும் தண்டையையும் பட்டியலில் ஏன் காணோம் என்று கேட்டார். அது உங்கள் விருப்பம், அதை நான் எழுத மாட்டேன் என்றேன். சனிக்கிழமை கணவரும் நானும் காரை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய், பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோபிக்ஸ் கொக்கிக்கு எது சரியாக உட்காருகிறது என்று பார்க்கப்போகிறோம். முன்பணம் மட்டும் கட்டிவிட்டு, இருக்கையைக் கடையிலேயே விட்டு வருவோம்.